33 வயதில் ஸ்டாஃப் நர்ஸ்: முதல் மூன்று மாதத்துக்கு என்ன தயார் செய்துகொள்வது?

கணக்குப்புள்ள_சிஸ்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எட்டு வருஷம் அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்துவிட்டு நர்சிங்குக்கு வந்தவள். பிளஸ் டூவில் காமர்ஸ் என்பதால் பி.எஸ்சி. நர்சிங் கிடைக்காது, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோதான் படித்தேன். நர்சிங் கவுன்சில் பதிவு வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஒரு 150 படுக்கை தனியார் ஆஸ்பத்திரியில், பெண்கள் மெடிக்கல் வார்டில் சேர வேண்டும். ஒரு ஸ்டாஃபுக்கு 8 பேஷண்ட் வரும் என்கிறார்கள்.

கேட்க வேண்டியவை இவை. 8 பேரின் வேலையை எந்த வரிசையில் செய்வது? புது ஸ்டாஃப் மருந்தில் எங்கே தப்பு செய்வார்கள், ஏன்? வென்ஃப்ளான் (ஐ.வி. மருந்துக்காகக் கையில் போடும் ஊசிக்குழாய்) போடுவதில் படிக்கும்போது கை அவ்வளவாகப் பழகவில்லை. வார்டில் சீனியர் எல்லாருக்கும் 24, 25 வயதுதான், அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது? கடைசியாக, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் இரண்டு வருஷம் வேலை பார்ப்பேன் என்ற பாண்டையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

"தைரியமா இருங்க" என்ற பதில் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

---

வார்டு_இன்சார்ஜ் எழுதியது:

8 பேருக்கும் ஒரே நேரத்துல வேலை வராது. காலை டியூட்டில வேலை குவியறது நாலு இடத்துல: ஓவர் (முந்தின ஷிஃப்ட்கிட்ட பொறுப்பு வாங்கறது), எட்டு மணி இன்ஜெக்‌ஷன், ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் வர்ற புது ஆர்டர், டிஸ்சார்ஜ். இந்த நாலுக்கும் முன்னாடி பத்து நிமிஷம் கையில இருந்தா ஷிஃப்ட் ஓடிடும்.

ஒரு ஏ4 தாளை மூணு தடவை மடிச்சுப் பிரிங்க, சரியா 8 கட்டம் வரும். ஒரு கட்டம் ஒரு பேஷண்ட். பெட் நம்பர், பேரு, என்ன நோய், அலர்ஜி, வென்ஃப்ளான் போட்ட தேதி, சாப்பாடா என்.பி.ஓ.வா (வாயில எதுவும் கொடுக்கக்கூடாது), சி.பி.ஜி. (விரல்ல குத்திப் பார்க்கற சுகர்) உண்டா, எந்த ரிப்போர்ட் வரணும், எட்டு-பத்து-பன்னிரண்டுல எதுக்கு இன்ஜெக்‌ஷன். டியூட்டி முடிஞ்சதும் அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் கிளம்பணும். பேஷண்ட் விவரம் ஹேண்ட்பேக்ல வீட்டுக்குப் போகக்கூடாது.

ஓவரை ஸ்டேஷன்ல உட்கார்ந்து எடுக்காதீங்க, பெட்டுக்குப் பக்கத்துல நின்னு எடுங்க. "டிரிப்ஸ் ஓடுது"ன்னு சொன்னா பாட்டில்ல எத்தனை மி.லி. மிச்சம்னு நீங்களே பாருங்க. யூரோபேக்ல (யூரின் சேர்ற பை) எவ்வளவு இருக்கு, வென்ஃப்ளான் இடம் வீங்கியிருக்கா, கையில ஐ.டி. பேண்ட் இருக்கா, எல்லாமே கண்ணால. ஓவர்ல விட்டுப்போறது பெரும்பாலும் மூணு விஷயம்: அனுப்பிய ப்ளட் ரிப்போர்ட் வரலைங்கிறது, நைட்ல கொடுக்காம நிறுத்தி வச்ச டோஸ், நாளைக்கு ஸ்கேனுக்கு வெறும் வயித்துல இருக்கணும்ங்கிறது. இந்த மூணையும் அவங்க சொல்லலைன்னாலும் நீங்க வாய்விட்டுக் கேளுங்க.

ஓவர் முடிஞ்சதும் ஃபைலைத் தூக்காதீங்க. 8 பேரையும் ஒரு சுத்து பார்த்துட்டு, யாரு ரொம்ப முடியாம இருக்காங்களோ அவங்ககிட்ட முதல்ல நில்லுங்க. மூச்சை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. நிறைய வார்டுல சார்ட்டைப் பார்த்தா எல்லாருக்கும் 20, 20, 20னு இருக்கும், யாரும் எண்ணலைன்னு அர்த்தம். பிபி விழறதுக்கு முன்னாடியே மூச்சு ஏறும். 18 இருந்தவங்க 26 ஆனா, பிபி நார்மலா இருந்தாலும் டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லணும். யூரினும் அப்படித்தான். 60 கிலோ இருக்கற பேஷண்டுக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் கீழ இறங்கினா அடுத்த ஷிஃப்ட் பார்த்துக்கட்டும்னு விடக்கூடாது.

டாக்டருக்கு போன் பண்றதுக்கு முன்னாடி கேஸ் ஷீட்டைக் கையில எடுத்துக்கோங்க. யாரு, எதுக்கு அட்மிட், இப்ப என்ன மாறியிருக்கு, வைட்டல்ஸ் (பிபி, பல்ஸ், மூச்சு, டெம்பரேச்சர்) எவ்வளவு, நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க. இந்த வரிசையில 30 செகண்ட் போதும். "டாக்டர், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க"ன்னு ஆரம்பிச்சா திட்டுதான் விழும், பேஷண்டுக்கும் லாபம் இல்ல. போன்ல வர்ற ஆர்டரை எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டி, 'சரி'ன்னு வாங்கிட்டுத்தான் போனை வைக்கணும். 24 மணி நேரத்துக்குள்ள கையெழுத்தும் வாங்கிடுங்க.

நோட்ஸ் விஷயத்துல உங்களுக்குப் பழைய வேலை கைகொடுக்கும். வவுச்சர் இல்லாம என்ட்ரி போட மாட்டீங்கல்ல? அதே மாதிரி, கொடுக்காத மருந்துக்கு முன்கூட்டியே டிக் போடாதீங்க. பத்து மணி டோஸுக்கு எட்டு மணிக்கே கையெழுத்துப் போட்டு வைக்கற வழக்கம் சில வார்டுல உண்டு. நடுவுல பேஷண்ட் டயாலிசிஸ் போயிட்டா, கொடுத்ததா இல்லையான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். தப்பா எழுதினா ஒரே கோடு அடிச்சு கையெழுத்து, ஒயிட்னர் கூடவே கூடாது.

---

நர்சிங்_டியூட்டர் எழுதியது:

மருந்துத் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சரியான பேஷண்ட், சரியான மருந்து என்று மனப்பாடம் செய்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தவறு நடப்பது குறிப்பிட்ட சில மருந்துகளில், குறிப்பிட்ட சில காரணங்களால்.

இன்சுலின் முதலில். நம் ஊரில் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். பேனாவுக்கான காட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சிலும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. ஆர்டர் 10 யூனிட் என்று வையுங்கள். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால், 4 யூனிட்தான் போகும். வயலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். காட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ப்ளெயின் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் சாப்பாடு வரும் என்று உறுதியாகத் தெரியாமல் போடாதீர்கள். கேன்டீன் தாமதம், வாந்தி, திடீரென்று ஸ்கேனுக்குக் கூப்பிடுவது, இவைதான் வார்டில் சுகர் இறங்கக் காரணம். சி.பி.ஜி. 70க்குக் கீழே என்றால் இன்சுலினை நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். முழு நினைவோடு விழுங்க முடிந்தவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமாக இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஐ.வி.யில்தான்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்பியூலில் (உடைத்துத் திறக்கும் சிறு குப்பி) 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கும். நேரடியாக ஐ.வி. புஷ் செய்தால் இதயம் நின்றுவிடும். சில கம்பெனிகளின் ஆம்பியூல் ஸ்டெரைல் வாட்டர் மாதிரியே இருக்கும், ஆகவே இரண்டையும் ஒரே ட்ரேயில் வைக்கக்கூடாது. 500 மி.லி. சலைனில் ஒரு ஆம்பியூலுக்கு மேல் கூடாது. வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்பது வழக்கமான உச்ச அளவு, எனவே அந்தப் பாட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். பலர் விடும் தவறு வேறு: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் ஏற்றிவிட்டு அப்படியே விடுவது. பொட்டாசியம் கனமானது, அடியில் தங்கி முதல் சில நிமிடங்களில் அடர்த்தியாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே மாட்டுங்கள். லேபிள் எழுதி ஒட்டுங்கள்.

செஃப்ட்ரையாக்சோனை ரிங்கர் லாக்டேட் ஓடும் லைனில் கொடுக்காதீர்கள், கால்சியத்தோடு சேர்ந்து திரியும். ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தாலும் திரியும், அதற்குச் சலைன் மட்டும்தான், நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக்கூடாது. வான்கோமைசின் 1 கிராம் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அவசரப்பட்டால் முகம், கழுத்து சிவந்து அரிப்பு வரும், பிபியும் இறங்கலாம்.

சொட்டுக் கணக்கு: வார்டில் கிடைக்கும் சாதாரண ஐ.வி. செட் 1 மி.லி.க்கு 20 சொட்டு (கவரில் அச்சிட்டிருக்கும், பாருங்கள்). மணிக்கு எத்தனை மி.லி. என்பதை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வந்துவிடும். 8 மணி நேரத்தில் 1 லிட்டர் என்றால் மணிக்கு 125, சொட்டு 42. மைக்ரோ செட்டில் (1 மி.லி.க்கு 60 சொட்டு) வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. அரை மணி கழித்து மறுபடி எண்ணுங்கள். "மெதுவா ஓடுது சிஸ்டர்" என்று கூட இருப்பவர்கள் ரெகுலேட்டரைத் தாங்களே திறந்துவிடுவது நம் வார்டுகளில் தினசரி நடப்பது.

---

ஐசியூ_பிரதர் எழுதியது:

இன்சார்ஜ் மேடம் சொன்ன 8 கட்டத் தாள் நல்ல வழிதான். ஒரு திருத்தம்: அதுல மருந்துப் பேரும் டோஸும் எழுதாதீங்க. ரவுண்ட்ஸ்ல ஆர்டர் மாறும், உங்க தாள் மாறாது. "8 மணி: 2 இன்ஜெக்‌ஷன்"னு எண்ணிக்கை மட்டும் போதும். மருந்தை எடுக்கறப்ப ஒரிஜினல் டிரக் சார்ட் பக்கத்துல இருக்கணும். ஒரு நேரத்துல ஒரு பேஷண்டுக்கு மட்டும் லோட் பண்ணுங்க. எட்டுப் பேருக்கும் சேர்த்து லோட் பண்ணி கிட்னி ட்ரேல அடுக்கினா எது யாருக்குன்னு குழம்பும்.

இனி வென்ஃப்ளான். நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசு: பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. மெடிக்கல் வார்டுல பிங்க்கும் நீலமும்தான் அதிகம் போகும். ப்ளட் ஏத்தணும்னா பிங்க்காவது வேணும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்ச ஃபிஸ்டுலா கை, மார்பகம் எடுத்த பக்கத்துக் கை, பக்கவாதம் வந்த கை, இதுலயெல்லாம் போடாதீங்க. கீழிருந்து மேலே வாங்க. முழங்கை மடிப்புல முதல்ல போட்டுத் தொலைச்சா கீழ இருக்கற வெயினும் (ரத்தக்குழாய்) வீணாயிடும்.

டூர்னிக்கே (கையில இறுக்கிக் கட்டற பட்டை) குத்தற இடத்துக்கு நாலு விரல் மேலே. ஒரு நிமிஷத்துக்கு மேல இறுக்கி வைக்காதீங்க. கண்ணால தேடாம விரலால தேடுங்க, நல்ல வெயின் அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி எழும்பும். கயிறு மாதிரி கட்டியா இருந்தா அது ஏற்கெனவே அடைச்சது. ஸ்பிரிட் தேய்ச்சு 30 செகண்ட் காய விடுங்க, ஊதக்கூடாது, அப்புறம் தொட்டுப் பார்க்கவும் கூடாது.

இடது கட்டை விரலால தோலைக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிடிங்க. புதுசா போடறவங்க பாதி பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. இழுத்துப் பிடிக்கலைன்னா வெயின் உருண்டு ஓடும். 15 முதல் 30 டிகிரி சாய்வு. ஊசியோட பின்பக்கம் இருக்கற சேம்பர்ல ரத்தம் தெரிஞ்சதும் நிறுத்தி, கோணத்தைத் தாழ்த்தி, இன்னும் 2 மி.மீ. உள்ள தள்ளுங்க. ஊசி முனை பிளாஸ்டிக்கை விட நீளம். ரத்தம் வந்ததும் பிளாஸ்டிக்கைத் தள்ளினா அது வெயினுக்கு வெளியவே நிக்கும். "ரத்தம் வந்துச்சு, ஆனா உள்ள போகல"ங்கற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம் ஊசியை அசைக்காம பிளாஸ்டிக்கை மட்டும் நகர்த்துங்க, டூர்னிக்கேவைக் கழட்டுங்க, அதுக்கு அப்புறம்தான் ஊசியை எடுக்கணும்.

வெளிய இழுத்த ஊசியை மறுபடி அதே பிளாஸ்டிக்குள்ள விடவே கூடாது. உள்ளேயே பிளாஸ்டிக்கை வெட்டிடும், துண்டு ரத்தத்தோட போயிடும்.

5 மி.லி. சலைன் தள்ளிப் பாருங்க. வீங்கினாலோ வலிச்சாலோ எடுத்துடுங்க. வயசான பாட்டிங்களுக்கு டூர்னிக்கேவைத் தளர்வா கட்டுங்க, கோணத்தைக் குறைங்க. இறுக்கிக் கட்டினா குத்தினவுடனே வெடிச்சு நீலமாயிடும். ரெண்டு தடவை குத்தியும் கிடைக்கலைன்னா மூணாவது நீங்க குத்தாதீங்க, சீனியரைக் கூப்பிடுங்க.

---

வார்டு_இன்சார்ஜ் எழுதியது:

பிரதர் சொன்ன திருத்தம் சரி. எண்ணிக்கை மட்டும் எழுதுங்க.

வயசு பத்திக் கேட்டதை யாரும் தொடல. எல்லாரையும் "சிஸ்டர்"னு கூப்பிடுங்க, 24 வயசு சீனியரையும்தான். அவங்க உங்களை "அக்கா"ன்னு கூப்பிடுவாங்க, கூப்பிடட்டும். ஆபத்து வேற இடத்துல இருக்கு. 22 வயசுப் புது ஸ்டாஃபுக்கு யாராவது ஒருத்தர் தானா வந்து சொல்லித் தருவாங்க. உங்க வயசைப் பார்த்து "அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்"னு விட்டுடுவாங்க. டாக்டர், பேஷண்டோட சொந்தக்காரங்க எல்லாருமே உங்களைத்தான் சீனியர்னு நினைச்சுப் பேசுவாங்க. அதனால முதல் வாரமே வார்டுல வாய்விட்டுச் சொல்லிடுங்க: "நான் இப்பத்தான் சேர்ந்திருக்கேன், இன்ஃப்யூஷன் பம்ப் தொட்டதில்ல, ஒருதடவை நீங்க செய்யும்போது பார்க்கறேன், அடுத்தது நான் செய்யறேன் நீங்க நில்லுங்க." பொதுவா "சொல்லிக்கொடுங்க"ன்னா யாரும் சொல்லித்தர மாட்டாங்க. எதுன்னு குறிப்பிட்டுக் கேட்டா மறுக்க மாட்டாங்க.

முதல் வாரத்துலயே க்ராஷ் கார்ட்டை, அதாவது அவசர மருந்து வண்டியைத் திறந்து எந்த டிராயர்ல என்ன இருக்குன்னு பார்த்து வைங்க. அட்ரினலின், அட்ரோபின், ஆம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு கொடுக்கற பை), சக்‌ஷன். கோட் ப்ளூ (இதயம் நின்னா கொடுக்கற அவசர அழைப்பு) அடிக்கறப்ப புது ஸ்டாஃபால உருப்படியா செய்யக்கூடியது எடுத்துக் கொடுக்கறதும் நேரம் எழுதறதும்தான்.

---

நைட்_டியூட்டி_நாயகி எழுதியது:

சர்டிஃபிகேட், சம்பளம் பத்தி. ஒரிஜினலைக் கொடுக்காதீங்க. வெரிஃபிகேஷனுக்குக் காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்க, அட்டெஸ்ட் பண்ண ஜெராக்ஸ் கொடுங்க. "எல்லாரும் கொடுக்கறாங்க"ன்னு சொன்னா, வாங்கிக்கிட்டதுக்கு லெட்டர்பேட்ல, சீல் போட்டு, லிஸ்ட்டோட ரசீது கேளுங்க. நிறைய இடத்துல அங்கேயே பேச்சு நின்னுடும். பாண்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு வரி பாருங்க: நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் எப்ப தருவாங்க. மூணாவதுதான் முக்கியம். வெளிநாடு, வேற ஆஸ்பத்திரி, எதுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பாங்க. ஒவ்வொரு மாச பே ஸ்லிப்பையும் சேர்த்து வைங்க.

சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கு. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைச்ச குழு 2016ல பரிந்துரை கொடுத்துச்சு: 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில கூட மாசம் 20,000க்குக் குறையக் கூடாது. 100க்கு மேல படுக்கை இருந்தா அதே கிரேடு அரசு நர்ஸ் சம்பளத்துல 10 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது, 200க்கு மேலன்னா சமமா கொடுக்கணும். இது பரிந்துரைதான், கைக்கு வர்ற தொகை வேற. ஆனாலும் பேசும்போது தெரிஞ்சு வச்சிருக்கணும்.

சேர்றதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி ஊசி மூணும் (0, 1, 6 மாசம்) முடிஞ்சுதான்னு பாருங்க. கடைசி ஊசிக்கு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ரத்தத்துல எதிர்ப்புச் சக்தியோட அளவு (டைட்டர்) 10க்கு மேல இருக்கணும். பேஷண்டுக்குப் போட்ட ஊசி தவறுதலா உங்க கையில குத்திட்டா அமுக்கிப் பிழியாதீங்க, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கழுவுங்க, உடனே கேஷுவாலிட்டி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல, 28 நாள் சாப்பிடணும். திட்டுவாங்கன்னு மறைச்சா போறது உங்க உடம்பு. குத்தறதே பெரும்பாலும் ஊசிக்குத் திரும்ப மூடி போடறப்பதான். மூடி போடாம நேரா ஊசிக் கழிவுக்கான வெள்ளை டப்பாவுல போடுங்க.

---

கணக்குப்புள்ள_சிஸ்டர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாளை மடித்துப் பார்த்தேன், 8 கட்டம் வருகிறது! இரண்டு சின்ன சந்தேகம். உடைத்த கண்ணாடி ஆம்பியூல் வெள்ளை டப்பாவா, நீலமா? ப்ளட் ஏற்றும்போது முதல் தடவை தனியாக இருந்தால் எதைக் கட்டாயம் செய்ய வேண்டும்?

---

நர்சிங்_டியூட்டர் எழுதியது:

கண்ணாடி ஆம்பியூல், வயல் எல்லாம் நீலம். ஊசி, பிளேடு வெள்ளை. ஊசி இல்லாத சிரிஞ்சு, ஐ.வி. செட், யூரோபேக், கையுறை சிவப்பு. ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங் மஞ்சள்.

ப்ளட்டைத் தனியாக ஆரம்பிக்கவே கூடாது. பை, ரெக்விசிஷன் (ரத்தம் கேட்ட படிவம்), ஐ.டி. பேண்ட் மூன்றையும் பெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். பேஷண்ட் பேசுகிற நிலையில் இருந்தால் பெயரை அவரே சொல்லட்டும். "நீங்க லட்சுமிதானே?" என்று கேட்டால் காது கேட்காத பாட்டியும் தலையாட்டிவிடுவார். ப்ளட் பேங்கிலிருந்து வந்து அரை மணிக்குள் ஆரம்பித்து, நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஃபில்டர் உள்ள செட்டில்தான் ஏற்ற வேண்டும். அந்த லைனில் சலைனைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது: ரிங்கர் லாக்டேட்டில் ரத்தம் உறையும், டெக்ஸ்ட்ரோஸில் அணுக்கள் உடையும். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

குளிர் நடுக்கம், முதுகு வலி, மூச்சுத்திணறல், அரிப்பு, எது வந்தாலும் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள், பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள். வென்ஃப்ளானை எடுக்காமல் புது செட்டில் சலைன் ஓட விடுங்கள். பையைக் குப்பையில் போட வேண்டாம், செட்டோடு சேர்த்து ப்ளட் பேங்குக்குத் திரும்பப் போக வேண்டும்.